கும்மந்தான் கான் சாஹிப்: வீரமும் படிப்பினையும்

 

வரவு செலவுக் கணக்கும், மதரஸா மாணவர்களின் தேர்ச்சி விவரமும், மராமத்துப் பணிகளின் அறிக்கையும் இடம்பெறும் இம்மலரில் ஒரு போர்வீரரின் வரலாற்றையும் எழுத முற்படுவது எதற்காக என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஜும்ஆ முடிந்து வெளியே வரும் நம் இளைஞர்கள், இந்நாட்டின் வரலாற்றில் நம் முன்னோர்க்கு என்ன பங்கு என்று நம்மிடம் அடிக்கடி கேட்கின்றனர். அதற்குப் பதிலாகச் சிலர் மிகைப்படுத்திய கதைகளைச் சொல்லி அனுப்புகின்றனர். சிலர் மௌனமாக இருந்துவிடுகின்றனர். இரண்டுமே நன்மை தராது. உள்ளதை உள்ளவாறு சொல்வதே அறிஞர்க்கும் பெற்றோர்க்கும் கடமை என்று நாம் கருதுகிறோம். அந்த நோக்கத்தோடு, தமிழ் மண்ணில் பிறந்து, ஆங்கிலக் கம்பெனியின் படையில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவியை எட்டி, தங்கப் பதக்கம் பெற்று, ஈற்றில் தூக்குமரம் ஏறிய முஹம்மது யூசுப் கான் என்ற படைத்தலைவரைப் பற்றி இங்கு எழுதுகிறோம். தென்மாவட்ட மக்கள் அவரைக் கும்மந்தான் கான் சாஹிப் என்பர். கமாண்டன்ட் என்ற பதவிப் பெயரே மக்கள் நாவில் கும்மந்தான் ஆயிற்று. மருதநாயகம் என்ற பெயரால் அவரை அறிந்தவர்களும் பலர்.

அவர் மதுரைக்காரர், நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பின், அவருடைய படைவாழ்வு தொடங்கியதே நம் வாசலில்தான் என்பது நமது விடையாகும்.

நம் மண்ணில் மூண்ட போர்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் பகுதி முழுவதும் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சிக்கு உரியவர் யார் என்பதில் எழுந்த போட்டியே கர்நாடகப் போர்களுக்கு வித்திட்டது. 1749ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், நம் தோல் வணிகர்கள் அன்றாடம் சென்று வரும் ஆம்பூரில், நவாப் அன்வருத்தீன் கான் யானை மீதிருந்து போரிட்டு உயிர் துறந்தார். அவரை எதிர்த்தவர்கள் சந்தா சாஹிபும், முஸபர் ஜங்கும், அவர்களுக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர்களும் ஆவர். அன்வருத்தீனின் மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குச் சென்று அங்குள்ள கோட்டையில் தஞ்சம் புகுந்தார். வாலாஜாப்பேட்டை என்ற ஊர்ப்பெயரில் இன்றும் நிலைத்திருக்கும் வாலாஜா நவாப் இவரே.

சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரரின் துணையோடு திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டார். முஹம்மது அலிக்கு ஆங்கிலக் கம்பெனி துணை நின்றது. வணிகம் செய்ய வந்த இரு அந்நிய நாட்டினரும், நம் நாட்டுச் சகோதரர்களின் வாரிசுச் சண்டையில் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து கொண்டனர். சண்டையிட்டவர்கள் நம்மவர்கள், மாண்டவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. இலாபம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பின்னர் வந்த இருநூறு ஆண்டுகள் காட்டின.

திருச்சிராப்பள்ளியின் நெருக்கடியைத் தளர்த்தும் பொருட்டு 1751இல் ராபர்ட் கிளைவ் சுமார் 500 பேர் கொண்ட சிறு படையோடு சென்னையிலிருந்து புறப்பட்டு ஆற்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றினார். சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிப் அக்கோட்டையை 50 நாட்கள் முற்றுகையிட்டும் மீட்க முடியவில்லை. முற்றுகையின்போது அரிசி அருகிப்போக, கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித்தண்ணீரைக் குடித்து நின்றனர் என்று ஆங்கிலேயர்களே பெருமையோடு எழுதி வைத்துள்ளனர். அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயரையேனும் அவர்கள் எழுதி வைத்தார்களா என்றால் இல்லை. கிளைவின் பெயர் மட்டும் உலகமெங்கும் பரவியது.

காவேரிப்பாக்கத்து இரவு

அடுத்த ஆண்டு, 1752 பிப்ரவரியில், போர் நம் ஊருக்கு மிக அண்மையில் வந்தது. இன்று சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பேருந்திலும் லாரியிலும் செல்லும் நம்மவர்கள் கடந்து போகும் காவேரிப்பாக்கமே அப்போர் நிகழ்ந்த இடம். ஆற்காட்டை நோக்கி விரைந்து கொண்டிருந்த கிளைவின் படை பொழுது சாயும் நேரத்தில் காவேரிப்பாக்கத்தை அடைந்தது. ரஸா சாஹிபின் படையும் பிரெஞ்சுப் படையும் அங்கு முன்பே வந்து, சாலையோரத்து மாந்தோப்பில் ஒன்பது பீரங்கிகளோடு மறைந்திருந்தன. அப்படி ஒரு படை அங்கே காத்திருப்பதை அறியாமல் கிளைவின் வீரர்கள் அணிவகுத்து வந்தனர். தோப்பிலிருந்து திடீரென்று குண்டுகள் பாய்ந்தன.

நிலவொளியில் பல மணி நேரம் சண்டை நீடித்தது. பீரங்கிகளை நேருக்கு நேர் நின்று வெல்ல முடியாது என்று உணர்ந்த கிளைவ், தோப்பின் பின்புறம் காவல் உண்டா என்று பார்த்து வர ஆளனுப்பினார். பின்புறத்தில் காவல் இல்லை என்று தெரிந்தது. ஒரு பிரிவு ஓசையின்றிச் சுற்றிச் சென்று பின்னாலிருந்து சுட்டது. பிரெஞ்சுப் படை சிதறியது. ஒன்பது பீரங்கிகளும் பிடிபட்டன. முன்புறத்தைப் பலப்படுத்தி, பின்புறத்தைக் காவலின்றி விட்ட கவனக்குறைவு ஒரு வெற்றியைத் தோல்வியாக மாற்றிவிட்டது.

இப்போருக்குச் சற்று முன்னர்தான், தாமே திரட்டிய ஒரு வீரர் குழுவோடு யூசுப் கான் கிளைவின் படையில் சேர்ந்தார் என்று, அக்காலப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் குறிப்பிடுகிறார். ஆகவே, பின்னாளில் தென்னாட்டையே ஆண்ட அந்த வீரரின் பெயர் கம்பெனியின் வரலாற்றில் முதன்முதலாக இணைவது நம் பகுதியின் பெயரோடுதான்.

பிறப்பும் வளர்ப்பும்

யூசுப் கான் 1725ஆம் ஆண்டையொட்டி இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் ஒரு வேளாளர் குடும்பத்தில் பிறந்தார் என்றும், இளம் வயதில் இஸ்லாத்தைத் தழுவினார் என்றும், 1914இல் அவரைப் பற்றித் தனி நூல் எழுதிய எஸ். சி. ஹில் கூறுகிறார். அவருக்குப் பெரிய குலப்பெருமையோ, செல்வமோ, அரச குடும்பத்து உறவோ இருந்ததில்லை. அக்காலத்தில் படைத்தலைமை என்பது பெரும்பாலும் பிரபுக்களின் பிள்ளைகளுக்கு வந்து சேருவது. யூசுப் கானோ சொந்த உழைப்பாலும் அறிவாலும் படிப்படியாக உயர்ந்தவர்.

ஓர்ம் அவரைப் பற்றிக் கூறும் குணங்கள் சிந்திக்கத் தக்கவை. துணிவும் உறுதியும் மிக்கவர். ஆனால் போர்க்களத்தில் பதற்றமின்றி, எச்சரிக்கையோடு நடப்பவர். தந்திரம் அறிந்தவர் என்று அவர் எழுதுகிறார். வீரம் என்றால் கண்மூடிப் பாய்வது என்று நம் இளைஞர்கள் சிலர் எண்ணுகின்றனர். இம்மனிதரைப் புகழ்ந்த எதிர்த் தரப்பினரும் நண்பர்களும் முதலில் குறிப்பிட்டது அவருடைய நிதானத்தைத்தான்.

திருச்சிராப்பள்ளியும் தானிய வண்டிகளும்

1752 ஜூனில் சந்தா சாஹிப் தஞ்சைப் படைத்தலைவரின் கையில் சிக்கிக் கொல்லப்பட்டார். எனினும் போர் ஓயவில்லை. முஹம்மது அலிக்குத் துணையாக வந்திருந்த மைசூர்த் தளவாய் நந்திராஜன், தமக்கு வாக்களித்தபடி திருச்சிராப்பள்ளி தரப்படவில்லை என்று கூறிப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து கொண்டார். 1753, 1754 ஆகிய ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை இவர்கள் சூழ்ந்து நின்றனர். கோட்டைக்குள் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்சின் படை இருந்தது. கோட்டையின் மதில்கள் வலுவாக இருந்தன. பஞ்சமோ உணவுக்குத்தான்.

புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையின் காடுகள் வழியாகவே அரிசியும் ஆடுமாடுகளும் வர வேண்டியிருந்தது. வழியெங்கும் எதிரியின் குதிரைப்படை சுற்றிக் கொண்டிருந்தது. இந்தத் தானிய வண்டிகளைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு யூசுப் கானிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அந்நாட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர். ஒற்றர்கள் மூலம் எதிரியின் நடமாட்டத்தை நாள்தோறும் அறிந்து கொண்டார். ஒருநாள் சென்ற வழியில் மறுநாள் செல்வதில்லை. ஒருநாள் புறப்பட்ட நேரத்தில் மறுநாள் புறப்படுவதில்லை. இவ்வாறு மூன்று மாதங்கள் வரை ஒரு வண்டித்தொடர்கூட எதிரியின் கையில் சிக்கவில்லை என்று ஓர்ம் வியந்து எழுதுகிறார்.

பீரங்கியின் முன் மார்பைக் காட்டுவதையே வீரம் என்று பாடுவது வழக்கம். ஆயினும் ஒரு நகரத்தின் உயிரைக் காத்தது இருளில் காட்டுவழியே நடந்த இந்தத் தானிய மூட்டைகள்தாம். அவற்றைக் காத்தவரின் விழிப்பும் பொறுமையும் எந்த வாள்வீச்சுக்கும் குறைந்தவை அல்ல.

அவதூறும் விசாரணையும்

உயர்ந்து வருபவருக்குப் பகைவர்கள் தோன்றுவது உலக வழக்கம். 1754இல் யூசுப் கான் மைசூர்த் தரப்போடு இரகசியமாக உடன்பாடு செய்துகொண்டு திருச்சிராப்பள்ளியைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று காட்டும் ஒரு கடிதம் ஆங்கிலேயர்களின் கைக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் இத்தகைய குற்றச்சாட்டுக்குத் தண்டனை மரணமே. லாரன்ஸ் அவரை உடனே தண்டித்திருந்தால் கேட்பார் எவரும் இல்லை. ஆயினும் விசாரணை நடத்தப்பட்டது. கடிதம் பொய்யாகப் புனையப்பட்டது என்பதும், அதன் பின்னணியில் லாரன்சிடமே மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவர் இருந்தார் என்பதும் வெளிவந்தன. யூசுப் கான் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்.

அந்தத் தண்டனையின் கொடுமையை நாம் புகழவில்லை. ஆனால் இந்நிகழ்ச்சியில் நமக்குப் பாடம் உண்டு. ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அதைத் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பது நம் மார்க்கம் நமக்குத் தந்த கட்டளை. இன்று கைப்பேசியில் வந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டாரின் மானத்தையும், ஜமாஅத் நிர்வாகியின் நாணயத்தையும், ஒரு பெண்ணின் கற்பையும் குறித்துப் பேசிவிடுகிறோம். போர்முனையில் நின்ற ஓர் அந்நியத் தளபதி கடைப்பிடித்த நிதானத்தை, அக்கட்டளையை வாரந்தோறும் கேட்கும் நாம் கடைப்பிடிக்க வேண்டாமா?

இந்தச் சோதனைக்குப் பின் யூசுப் கானின் மதிப்பு மேலும் உயர்ந்தது. லாரன்சின் பரிந்துரையின் பேரில் சென்னை நிர்வாகம் அவரைக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக நியமித்தது. அவருடைய சேவையைப் பாராட்டித் தங்கப் பதக்கமும் வழங்கியது. பனையூரில் பிறந்த எளிய குடும்பத்துப் பிள்ளை முப்பது வயதளவில் எட்டிய உயரம் அது.

சென்னையைக் காத்த படை

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். அப்போது தெற்கே மதுரைச் சீமையில் இருந்த யூசுப் கான் அழைக்கப்பட்டார். அவர் தம் சிப்பாய்களோடு விரைந்து வந்து, செங்கல்பட்டிலிருந்த கேப்டன் பிரெஸ்டனோடு சேர்ந்து, முற்றுகையிட்டவர்களைப் பின்புறமிருந்து தாக்கத் தொடங்கினார். பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவை மறித்தார். ஓரிடத்தில் விரட்டினால் மறு இடத்தில் வந்து மொய்க்கும் ஈக்களைப் போல இவர்கள் தம்மைத் தொல்லைப்படுத்துவதாக லாலி சலித்துக் கொண்டார். திருச்சிராப்பள்ளியில் உணவைக் கொண்டு சேர்த்த அதே அனுபவம், சென்னையில் எதிரியின் உணவைத் தடுப்பதற்குப் பயன்பட்டது.

1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையில் பெரும் சண்டை நடந்தது. அதிலும் மேஜர் கைலாடின் தலைமையில் யூசுப் கானின் சிப்பாய்கள் நின்றனர். பிப்ரவரி 16இல் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். சென்னை அன்று வீழ்ந்திருந்தால் தென்னிந்தியாவின் வரலாறே வேறு விதமாக அமைந்திருக்கும். அதை வீழாமல் காத்தவர்களில் ஒருவர் இத்தமிழ் முஸ்லிம் தளபதி.

மதுரையின் ஆட்சியாளர்

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் குத்தகை முறையில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கு ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பகுதிப் பாளையக்காரர்கள் பலர் நவாபுக்கும் கம்பெனிக்கும் வரி செலுத்த மறுத்தவர்கள். அவர்களில் தலையாயவர் நெற்கட்டும் செவலை ஆண்ட பூலித்தேவர். அவரோடு யூசுப் கான் பலமுறை போரிட்டார். 1761இல் பூலித்தேவரின் கோட்டைகள் யூசுப் கானிடம் வீழ்ந்தன. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற ஒரு வீரரை, அந்நியருக்காக நின்ற மற்றொரு வீரர் வென்றார். யூசுப் கானைப் போற்றுபவர்கள் இப்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கக் கூடாது.

அவருடைய நிர்வாகத்தின் நற்பக்கமும் மறைக்கத் தக்கதன்று. நீண்ட காலப் போரால் சீரழிந்திருந்த நாட்டில் கொள்ளையை அடக்கினார். ஏரி, கால்வாய், கோட்டைகளைச் செப்பனிட்டார். நெசவுக்கும் வணிகத்துக்கும் பாதுகாப்பளித்தார். நின்று போயிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மானியத்தை மீண்டும் கிடைக்கச் செய்தார். தம் ஆட்சியில் வாழும் பிற சமயத்தாரின் வழிபாட்டுக்கும் உரிமைக்கும் ஊறு நேராமல் காப்பது ஆட்சியாளரின் கடமை என்பதை அவர் செயலில் காட்டினார். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும், தெற்கே கான்சாபுரம் என்ற ஊரும் இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அவர் மறைந்து 250 ஆண்டுகளுக்கு மேலான பின்னும் எல்லாச் சமயத்து மக்களும் அவர் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர் என்றால், அதற்கு அவர் வாளைவிட அவருடைய நிர்வாகமே காரணம் என்போம்.

எஜமானர்களோடு மோதல்

யூசுப் கானின் செல்வாக்கு வளர்ந்தது நவாப் முஹம்மது அலிக்கு உவப்பாக இல்லை. மதுரைச் சீமை தமக்கு உரியது, யூசுப் கான் தமக்குக் கட்டுப்பட்டவர் என்றார் நவாப். யூசுப் கானோ தாம் கம்பெனியின் படைத்தளபதி, கம்பெனிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்று கருதினார். நவாபிடமிருந்து பெருந்தொகை பெற வேண்டியிருந்த கம்பெனி, நவாபின் பக்கமே சாய்ந்தது. 1763 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முஹம்மது அலியையே கர்நாடகத்தின் நவாபாக ஏற்றுக்கொண்டனர். மதுரையின் தலைவிதி கடல் கடந்த ஒரு நகரத்தில் எழுதப்பட்டது.

யூசுப் கான் பணிய மறுத்தார். 1763இல் கம்பெனியின் படையும் நவாபின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. கோட்டையை அவர் முன்னரே வலுப்படுத்தி வைத்திருந்தார். பல வாரங்கள் போராடியும் உள்ளே நுழைய முடியாமல், மழைக்காலம் தொடங்கவே முற்றுகைப்படை பின்வாங்கியது.

1764இல் மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் பெரும்படை வந்தது. ஜூன் 26ஆம் நாள் மதிலில் ஏற்பட்ட உடைப்பு வழியாக ஆங்கிலேயர் நடத்திய நேரடித் தாக்குதலை யூசுப் கானின் வீரர்கள் முறியடித்தனர். அத்தாக்குதலில் படுகாயமுற்று இறந்தவர்களில் ஒருவர் மேஜர் பிரெஸ்டன். 5 ஆண்டுகளுக்கு முன்னர் செங்கல்பட்டில் யூசுப் கானோடு தோளோடு தோள் நின்று லாலியை எதிர்த்த அதே பிரெஸ்டன்தான் அவர். அன்று தோழர்களாயிருந்தவர்கள் இன்று மதிலின் இரு பக்கங்களிலும் நின்றனர். கூலிக்காக நடக்கும் போர்களில் நட்பும் பகையும் இவ்வளவு எளிதாக இடம் மாறிவிடுகின்றன.

காட்டிக்கொடுத்தலும் முடிவும்

மதிலைத் தகர்க்க முடியாதவர்கள் பசியை ஆயுதமாக்கினர். கோட்டைக்குள் எதுவும் செல்லாதபடி வழிகள் அடைக்கப்பட்டன. தானியம் தீர்ந்தது. முன்னொரு நாள் திருச்சிராப்பள்ளிக்கு உணவு கொண்டு சேர்த்துப் புகழ் பெற்றவருக்கு இப்போது உணவு கொண்டு சேர்க்க ஆளில்லை. பட்டினியால் வீரர்களின் மனம் தளர்ந்தது. நெருக்கமானவர்களே இரகசியமாக எதிரியோடு பேசத் தொடங்கினர். திவான் சீனிவாச ராவ், பிரெஞ்சு அலுவலர் மார்ச்சந்த், பாபா சாஹிப் ஆகியோர் அச்சதியில் இருந்தனர்.

1764 அக்டோபர் 13ஆம் நாள் அவர் தொழுகையில் இருந்த வேளையில் சதிகாரர்கள் அவரைச் சூழ்ந்து பிடித்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வாள் எட்டாத நிலையில், இறைவன் முன் பணிந்திருந்த மனிதரை அவருடைய உப்பைத் தின்றவர்களே பிடித்துக் கொடுத்தனர். ஆங்கிலத் தளபதி அவரை நவாபிடம் ஒப்படைத்தார். இரண்டு நாட்கள் கழித்து, அக்டோபர் 15ஆம் நாள், நவாபின் ஆணைப்படி மதுரைக்கு வெளியே அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் பிறப்பு பற்றிய கணக்கு சரியானால் அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்காது. அவருடைய உடலைத் துண்டித்துத் தென்னாட்டின் பல ஊர்களுக்கு அனுப்பி, மக்களுக்கு அச்சமூட்டினர் என்பது மக்கள் மரபு. அவருடைய அடக்கத்தலம் மதுரை சம்மட்டிபுரத்தில் உள்ளது. அங்கு 1808இல் ஷேக் இமாம் என்பவர் ஒரு பள்ளிவாசலை எழுப்பினார். நாட்டுப்புற மக்கள் அவருடைய போரைக் கதைப்பாடலாகப் பாடி வந்தனர்.

சிந்திக்க வேண்டியவை

ஜமாஅத்தார்களே! இவ்வரலாற்றை மதச் சண்டையாகச் சித்திரிக்க முயல்வோர் இரு தரப்பிலும் உண்டு. ஆனால் நிகழ்ந்ததைப் பாருங்கள். அவரைத் தூக்கிலிட ஆணையிட்ட நவாப் ஒரு முஸ்லிம். காட்டிக்கொடுத்த மூவரில் ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம். அவர் பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த மதுரை மக்களிலும் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நன்மையும் தீமையும், விசுவாசமும் துரோகமும் எந்த ஒரு சமூகத்துக்கும் குத்தகைக்கு விடப்பட்டவை அல்ல. எனவே இவ்வரலாற்றைக் கொண்டு எவர் மீதும் பகை வளர்ப்பது வரலாற்றுக்கே செய்யும் துரோகம்.

இரண்டாவதாக, அவர் வீரரா, துரோகியா என்ற கேள்வி. ஆங்கிலேயர்களின் ஏடுகளில் 1759 வரை அவர் விசுவாசமான தளபதி. 1763க்குப் பின் கலகக்காரர். ஹில் எழுதிய நூலின் தலைப்பிலேயே அவர் கலகக்காரத் தளபதி எனப்படுகிறார். பதக்கம் கொடுத்ததும் அவர்கள்தான், கலகக்காரர் என்ற பெயரைக் கொடுத்ததும் அவர்கள்தான். மனிதர் மாறவில்லை, அவரால் கிடைத்து வந்த பயன் மாறியது. ஆகவே அவர்களின் பதக்கத்தைக் கொண்டு நாம் அவரை உயர்த்தவும் வேண்டாம், அவர்களின் பட்டத்தைக் கொண்டு தாழ்த்தவும் வேண்டாம். அவருடைய துணிவு உண்மையானது. அத்துணிவின் பெரும்பகுதி அந்நியரின் ஆட்சியை இம்மண்ணில் வேரூன்றச் செய்வதற்கே பயன்பட்டது என்பதும் உண்மையே. அவ்வாட்சியின் முகத்தை அவர் கண்டுகொண்டு எதிர்த்து நின்றபோது, அது அவரை வீழ்த்தும் வலிமையைப் பெற்றிருந்தது. அந்த வலிமையில் அவருடைய உழைப்பும் கலந்திருந்தது.

மூன்றாவதாக, வெற்றி பெற்ற நவாபின் நிலையையும் பாருங்கள். யூசுப் கானை ஒழித்துத் தம் ஆட்சியைக் காத்துக்கொண்டதாக அவர் எண்ணினார். ஆனால் கம்பெனியிடம் அவர் பட்ட கடன் பெருகிக் கொண்டே போனது. அவர் 1795இல் மறைந்தார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1855இல் நவாப் என்ற பட்டமும் இல்லாமல் போயிற்று. சகோதரனை வீழ்த்த அந்நியனை அழைத்தவர் ஈற்றில் தம் வீட்டையும் இழந்தார். கடன் கொடுப்பவன் கையில் கடிவாளத்தைக் கொடுப்பவருக்கு என்ன நேரும் என்பதை, வட்டிக்கடனில் சிக்கித் தொழிலையும் வீட்டையும் இழந்த குடும்பங்களைக் கண்ட நம் பகுதி மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

யூசுப் கானின் மரணத்துக்கு 42 ஆண்டுகளுக்குப் பின், 1806 ஜூலை 10ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தனர். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையும், தாடிக்கும் நெற்றிக் குறிக்கும் விதிக்கப்பட்ட தடையும் முஸ்லிம்களையும் இந்துக்களையும் ஒருங்கே புண்படுத்தின. ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அவ்வெழுச்சியை அன்றே அடக்கியது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கஞ்சித்தண்ணீரைக் குடித்து ஆற்காட்டைக் காத்துக் கொடுத்த சிப்பாய்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், அந்தச் சிப்பாய்களுக்கு அந்த எஜமானர்கள் தந்த பரிசு அது.

நம் கடமை

இவ்வளவு பெரிய நிகழ்ச்சிகள் நம் ஊர்களைச் சுற்றி நடந்திருக்க, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவை தெரியும்? ஆற்காட்டில் பழைய கோட்டையின் டெல்லி வாசல் இன்றும் நிற்கிறது. வேலூர்க் கோட்டை கண்முன் உள்ளது. காவேரிப்பாக்கத்து ஏரிக்கரை வழியே நாம் நாள்தோறும் செல்கிறோம். விடுமுறை நாட்களில் பெற்றோர் தம் பிள்ளைகளை இவ்விடங்களுக்கு அழைத்துச் சென்று, நடந்தவற்றை நடந்தவாறு சொல்ல வேண்டும். மதரஸா மாணவர்களுக்கு மார்க்கக் கல்வியோடு இம்மண்ணின் வரலாறும் கற்பிக்கப்பட வேண்டும். நம் வீடுகளில் பழைய பத்திரங்கள், வக்ஃபு ஆவணங்கள், உர்தூ, பார்சி மொழியில் எழுதிய கடிதங்கள் பரண்மேல் கிடக்கலாம். அவற்றைக் கறையானுக்கு இரையாக்காமல், படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டிப் பாதுகாக்க வேண்டும். பெயர் எழுதப்படாத ஆற்காட்டுச் சிப்பாய்களுக்கு நேர்ந்தது நம் முன்னோர்க்கும் நேராதிருக்க அதுவே வழி.

இளைஞர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கும் துணிவு இருக்கிறது, உழைப்பும் திறமையும் இருக்கின்றன. அவை யாருக்காக, எதற்காகச் செலவாகின்றன என்பதை இடையிடையே நின்று கேட்டுக்கொள்ளுங்கள். பதக்கம் கிடைக்கும் நாளில் அக்கேள்வியைக் கேட்பது கடினம். எனினும் அன்று கேட்பதே பயன் தரும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், உண்மையை உண்மையாகக் கண்டு அதைப் பின்பற்றும் பேற்றையும், பொய்யைப் பொய்யாகக் கண்டு அதிலிருந்து விலகும் பேற்றையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் ஊரிலும் நாட்டிலும் எல்லா மக்களும் ஒற்றுமையோடும் அமைதியோடும் வாழ அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.